பிரவீனன் மான் வேட்டைக்கு வெளிக்கிட்டது

பிரவீனனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கு எப்போதுமே எதுவும் சட்டென்று விளங்காது, அது வேறு கதை. ஆனால் அந்தக் கிழமை அவன் வீட்டில் நடந்த கூத்து அவனைவிடக் கெட்டிக்காரனுக்கும் விளங்கியிராது என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

விஷயம் இதுதான். அவனுடைய மனைவி நிலாணிக்கு மூன்றாம் மாதம். இதற்கு முன் இரண்டு தரம் வயிற்றில் தங்கியது. இரண்டு தரமும் மூன்றாம் மாத ஸ்கானில் துடிப்பு இல்லை என்று தெரிந்து, எல்லாம் முடிந்துபோனது. ஆகவே இந்த முறை ஊருக்கெல்லாம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்ரில் இவர்கள் இரண்டு பேர், அஜக்ஸில் மாமியார் இராஜேஸ்வரி, இவ்வளவு பேருக்குத்தான் தெரியும். இப்படிப்பட்ட ஒரு நேரத்தில், நவம்பர் குளிரில், இந்த மனிசன் மான் சுடப் போவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

யார் போகச் சொன்னது என்று கேட்பீர்கள். கோடை காலத்தில் அவனேதான் தலையை ஆட்டினான். வேலையிடத்தில் அவனுடைய சுப்பவைசர் நீக்கிலாஸ் அண்ணை ஊரில் பாசையூர் ஆள். வருசா வருசம் சீசன் திறக்கிற கிழமை நாலைந்து சிநேகிதரோடு வடக்கே காட்டுப் பக்கம் போய், ஒரு கபினில் தங்கி, வெள்ளைவால் மான் வேட்டையாடுகிறவர். இந்த வருசம் ஓர் ஆளுக்கு முழங்கால் ஒப்பரேசன். அந்த இடத்துக்குப் பிரவீனனைக் கேட்டார். ஆள் சந்தோசப் புளுகத்தில் ஓம் என்றுவிட்டான். துவக்கு லைசென்சுக்குப் படித்தான், வேட்டைக்காரர் கோர்சுக்கும் போனான், இரண்டிலும் பாஸ். நீக்கிலாஸ் அண்ணை தன்னுடைய பழைய துவக்கை அவனிடம் கொடுத்து, சுட்டுப் பழகுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கடதாசி மானின் முன்னங்காலுக்குப் பின்னால் குண்டு படும்வரை விடவில்லை. அதற்குப் பிறகுதான் நிலாணிக்குப் பிள்ளை தங்கினது தெரியவந்தது.

இப்போது எப்படி மறுப்பது? காரணம் சொல்லவும் ஏலாது, சொல்லாமல் நழுவவும் ஏலாது. அவன் தன்னுடைய முழு நம்பிக்கையையும் மாமியாரில் வைத்தான். அதற்கு ஒரு நியாயம் இருந்தது. போன தரம் நிலாணி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது, ஸ்காபரோ மீன்கடையில் உயிர்நண்டு வாங்கி வந்து குசினியில் வைத்து உடைக்க வெளிக்கிட்டவனை மாமியார் போனிலேயே பிடித்து உலுப்பிவிட்டார். பிள்ளைத்தாச்சியின் புருசன் உயிர் கொல்லலாமா, அறிவில்லையா என்று அரை மணித்தியாலம் கேட்டார். நண்டுகள் பையோடு திரும்பக் கடைக்குப் போயின. நண்டுக்கே இந்தப் பாடு என்றால் மானுக்கு என்ன நடக்கும்? மாமியார் ஒரு சத்தம் போடுவார், நிலாணி கண்ணைக் கசக்குவாள், தான் நல்ல பிள்ளையாக நீக்கிலாஸ் அண்ணைக்குப் போன் அடித்து வீட்டில் விடவில்லை என்று சொல்லித் தப்பலாம். இதுதான் எங்கடை பெரியவர் பிரவீனனுடைய திட்டம்.

நடந்தது நேர்மாறு. அவன் தயங்கித் தயங்கி விஷயத்தை எடுத்தபோது நிலாணி, நல்லது, கட்டாயம் போய்வாங்கோ என்றாள். மாமியாரோ, எந்த நாளில் வெளிக்கிடுகிறீர்கள், எப்ப திரும்புவீர்கள் என்று விசாரித்துவிட்டு, வழிக்குத் தட்டைவடை சுட்டு அனுப்புவதாகச் சொன்னார். உயிர், பாவம், பிள்ளைத்தாச்சி என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதுவும் கந்தசஷ்டி விரதம் தொடங்கின கிழமை! பிரவீனன் போனைக் காதிலிருந்து எடுத்து, இது மாமியின் நம்பர்தானா என்று பார்த்தான்.

அதற்குப் பிறகு நிலாணி ஆயத்தத்தில் இறங்கின வேகத்தைப் பார்க்கவேண்டும். மானுக்கு மூக்குத்தான் கண் என்று நீக்கிலாஸ் அண்ணை சொல்லியிருந்தார். உடுப்பில் சோப்பு மணம், சாப்பாட்டு மணம் எதுவும் இருக்கக்கூடாது. எங்கடை ஆக்களின் வீடுகளில் ஜக்கெற்றைக் கறிமணம் படாமல் காப்பாற்றுவதே பெரிய பாடு. அறைக்குள் கொளுவி, கதவைச் சாத்தி, கதவின் கீழ்ச் சந்துக்குத் துவாயும் வைப்போம். அப்படியிருந்தும் பஸ்ஸில் பக்கத்துச் சீற்றுக்காரன் மூக்கைச் சுளிப்பான். நிலாணி அந்தக் கிழமை முழுக்கத் தாளிதத்தையே நிறுத்திவிட்டாள். வெங்காயம் வதக்கவில்லை, கருவாடு பொரிக்கவில்லை. பாணும் சம்பலும் தின்று பிரவீனனின் நாக்குச் செத்துப்போனது. அவனுடைய கம்பளி உள்ளுடுப்பு, காலுறை, செம்மஞ்சள் நிற வேட்டை ஜக்கெற், தொப்பி எல்லாவற்றையும் மணமில்லாத சோப்பில் தோய்த்து பல்கனியில் காயப்போட்டாள். காய்ந்ததும் பார்க்கில் பொறுக்கி வந்த ஊசியிலைகளோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

எல்லாவற்றிலும் உச்சம் அந்தக் குட்டிப் போத்தல். இந்த மாதத்தில் கிடாய் மான்களுக்கு விசர் பிடித்துவிடும் என்றும், தின்னாது, நித்திரை கொள்ளாது, பெண்மானின் மணத்துக்குப் பின்னால் பகல் வெளிச்சத்திலேயே ஓடித் திரியும் என்றும், ஆறு மாதம் மனிதன் கண்ணில் படாத கிழட்டுக் கிடாய்கூட இந்தக் கிழமையில்தான் புத்தி கெட்டு வெளியே வரும் என்றும் நீக்கிலாஸ் அண்ணை பாடம் நடத்தியிருந்தார். அதை இழுப்பதற்குப் பெண்மானின் மூத்திரத்தைப் போத்தலில் அடைத்துக் கடையில் விற்கிறார்கள். வெட்கக்கேடு, அதையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தான். மூடி சரியாகப் பூட்டுப்படவில்லை. கோப்பி மணத்துக்கே சத்தி எடுக்கிற நிலாணி, மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் போத்தலைத் துடைத்து, இரண்டு பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றி வைத்துவிட்டு ஓடிப்போய் பாத்றூமில் குனிந்தாள். பிரவீனன் முதுகைத் தடவிக்கொண்டு, நீர் ஏன் உந்தப் போத்தலைத் தொட்டனீர் என்று கேட்டான். கசிந்தால் ஜக்கெற் பழுதாகிவிடும், பிறகு நீங்கள் போகாமல் விட்டுவிடுவீர்கள் என்றாள்.

அந்தப் பதில் அவனுடைய மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. என்னை ஏன் வீட்டைவிட்டுக் கலைக்கிறாள்? ஒருவேளை தனக்குக் கோபம் என்று காட்டாமல் சோதிக்கிறாளா? போனால் குற்றம், இருந்தாலும் குற்றமா? மாமியும் சேர்ந்து நாடகம் ஆடுகிறாவா? வேலைக்குப் போனால் நீக்கிலாஸ் அண்ணை வேறு விதமாகக் குழப்பினார். குளிருக்கு எல்லாத்தையும் ஒரேயடியாகப் போடாதே, நடக்கும்போது வேர்க்கக்கூடாது, தடித்த ஜக்கெற்றைத் தோளில் கொண்டுபோய் மரத்தில் ஏறி இருந்தபிறகுதான் போடவேண்டும், வேர்த்த ஈரத்தோடு அசையாமல் இருந்தால் மத்தியானத்துக்குள் விறைத்துப்போவாய் என்றார். கபினில் போன் சிக்னல் இல்லை என்றும் சொன்னார். வயிற்றுப்பிள்ளைக்காரியை விட்டுவிட்டு ஒரு கிழமை போனில்லாத காட்டில் இருப்பதா என்று இவனுக்கு யோசனை பிடித்துக்கொண்டது. அதை நிலாணியிடம் சொன்னால், அதுக்கென்ன, அம்மா வந்து நிற்பா என்று அவள் கையுறைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டி, தேர்மோஸ், கை சுடவைக்கிற பைக்கற்றுகள், தட்டைவடை எல்லாம் வாசலில் அடுக்கியாயிற்று. விடிந்தால் நீக்கிலாஸ் அண்ணை ட்ரக்கோடு வந்துவிடுவார், திங்கட்கிழமை சீசன் திறக்கிறது. பிரவீனன் அந்தக் குவியலைப் பார்த்தான், தாளிதமில்லாத குசினியைப் பார்த்தான், கடைசியில் அவனுக்கே ஒரு முடிவு வந்தது. ஒருத்தரும் தடுக்காவிட்டால் தானே தடுத்துக்கொள்வது. அவன் போய் நிலாணிக்குப் பக்கத்தில் செற்றியில் இருந்துகொண்டு, தான் போகவில்லை என்றான். இந்த நேரத்தில் ஓர் உயிரை எடுத்துவிட்டு வந்து, நாளைக்கு ஏதும் நடந்தால் தன்னால் தாங்க ஏலாது என்றான். அவள் சந்தோசப்படுவாள் என்றுதான் அந்த மடையன் நினைத்தான்.

நிலாணியின் முகம் வெளிறிப்போனது. அவள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அவன் பதறிப்போய் நோகுதா, ஏதும் செய்யுதா என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள்.

"திங்கட்கிழமை ஸ்கான்," என்றாள்.

அவன் காட்டிலிருந்து திரும்பி வந்தபிறகு என்றல்லவா சொன்னவள். அவன் அதைக் கேட்டான்.

"நான்தான் திகதியை மாத்தி எடுத்தனான். நீங்கள் காட்டுக்கை நிக்கிற நேரமாப் பாத்து எடுத்தனான்."

"ஏன், நிலா?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ரெண்டு தரமும் ஸ்கான் எடுத்தவை எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. அவைக்குச் சொல்லவும் ஏலாதாம். டொக்டர் பிறகுதான் சொன்னவர். ஸ்கிரீன் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிஞ்சது. நான் படுத்திருந்து உங்கட முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். எனக்குச் சொன்னது உங்கட முகம்தான். ரெண்டு தரமும். இன்னொருக்கா அதைப் பாக்க என்னாலை ஏலாதப்பா."

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். மான் சாகிற பாவம் பிள்ளையில் விழக்கூடாது என்று அவ இந்த முறை சஷ்டிக்குப் பாலும் பழமும் இல்லாமல் வெறும் தண்ணியோடு இருக்கிறா.

பிரவீனன் எழுந்து பல்கனிக்குப் போனான். குளிர் முகத்தில் அடித்தது. அவனுக்குக் கோபம் வந்தது, யாரோடு என்று தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது. அந்த இரண்டு ஸ்கான் நாளும் தான் ஆம்பிளையாக, ஒன்றும் காட்டாமல், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தைரியமாக நின்றதாகத்தான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தான். முகம் காட்டிக்கொடுத்திருக்கிறது. தன்னுடைய முகத்தைத் தான் என்ன செய்வது? சரி, அவள் கேட்கிற மாதிரிப் போய்த் தொலைவோம் என்றும் நினைத்துப் பார்த்தான். அங்கே மரத்தின் மேல் துவக்கோடு அசையாமல் இருந்து, இங்கே என்ன நடந்தது என்று தெரியாமல், ஒரு கிழமை. ஏலாது. செத்தாலும் ஏலாது.

உள்ளே வந்து, தான் கார் ஓட்டிக்கொண்டு வருவதாகவும், வெளியே இருப்பதாகவும், அவளாகக் கூப்பிடாமல் அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டேன் என்றும் சொன்னான். நிலாணி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். கடைசியில், கூப்பிடாமல் வரக்கூடாது என்றாள். அவன் ஓம் என்றான். நீக்கிலாஸ் அண்ணைக்குப் போன் அடித்து, வரமுடியாது என்று மட்டும் சொன்னான். அவர் காரணம் கேட்டார், இவன் திக்கினான். மனிசன் திருப்பிக் கேட்காமல், வீட்டைப் பார் தம்பி, காடு எங்கேயும் போகாது என்று போனை வைத்துவிட்டார். வாசலில் இருந்த பெட்டியைப் பிரவீனன் காலால் தள்ளி அலுமாரிக்குள் விட்டான்.

திங்கட்கிழமை கிளினிக்கில் அவனும் மாமியாரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நிலாணியை ஸ்கான் எடுக்கிற மெலனி என்ற பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே கொண்டுபோனாள். மாமியாரின் உதடு வரண்டு வெடித்திருந்தது, முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை. கதவு திறந்தது, வேறு யாரோ வந்தார்கள். இன்னொருக்கால் திறந்தது, அதுவும் வேறு யாரோ. கூப்பிட்டால் நல்லதா, கூப்பிடாவிட்டால் நல்லதா என்று யோசித்தான். போன இரண்டு தரமும் கூப்பிட்டுத்தானே உள்ளே போனவன். அப்படியென்றால் கூப்பிடாமல் விடுவதுதான் நல்லதா? கூப்பிடாவிட்டால் என்ன அர்த்தம்? ஒன்றும் விளங்காமல் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

மெலனி கதவைத் திறந்து அவனைப் பார்த்து, உங்கள் மனைவி உங்களை வரச் சொல்கிறா என்றாள். அவளுடைய முகத்தில் ஒன்றும் இல்லை. ஸ்கான் எடுக்கிறவர்களை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள். மாமியார் எழும்பப் பார்த்து, கால் தள்ளாடி, திரும்ப இருந்துவிட்டார். பிரவீனன் மெலனிக்குப் பின்னால் போனான். அறை இருட்டாக இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நிலாணியின் பாதம் தெரிந்ததுதான் தாமதம், அவன் சட்டென்று திரும்பி, நெற்றி முட்டுகிற அளவுக்குச் சுவரோடு போய் நின்றுகொண்டான். இந்த முறை அவளுக்குத் தன்னுடைய முகம் கிடைக்கப்போவதில்லை. மெலனி, சேர், இங்கே கதிரை இருக்கிறது என்றாள். அவன் அசையவில்லை.

"என்ன செய்யிறியள் உதிலை?" என்று பின்னாலிருந்து நிலாணியின் குரல் கேட்டது.

"ஒண்டுமில்லை. நீர் பாரும். நான் இப்பிடியே நிக்கிறன்."

"நான் பாத்திட்டன். ஸ்கிரீனை எனக்குத் திருப்பி விட்டிருக்கினம்." குரல் நடுங்கியது, அழுகையா சிரிப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "காலாலை உதைஞ்சுகொண்டு கிடக்குது. இஞ்சாலை திரும்புங்கோப்பா."