அட்டையில் ஒட்டிய பக்கம்

“பின்பக்கம் படிச்சியாம்மா?”

கல்லூரி அலுவலகத்து அம்மா கேட்டார். இடம் கிடைத்த கடிதத்தை ஒட்டி, அவள் கொண்டுபோன அட்டை மேசைமேல் பளபளவென்று கிடந்தது. அந்தக் கடிதத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

அரையாண்டு மதிப்பெண்ணைப் பார்த்துக் கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. கடிதம் வந்த அன்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் அல்லவா, கையோடு அதை அட்டையில் ஒட்டி, லேமினேட் செய்து, மெஷினுக்கு மேலே மாட்டிவிட்டார். அன்றிலிருந்து தெருவுக்கே அவள் ‘காலேஜு’.

அடுத்த மாதமே அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். கடையைப் பார்க்க வேறு ஆளில்லை.

“சீட்டுதான் கைக்கு வந்தாச்சே. இனிமே உன் மார்க்கை யாரு பாக்கப்போறா?” என்றார் கண்கட்டோடு.

அவளும் நம்பினாள். சும்மா சொல்வானேன், சந்தோஷமாகவே நம்பினாள். மூன்று மாதம் ஊரார் சான்றிதழ்களையெல்லாம் நகலெடுத்தாள். அவளுடைய புத்தகங்கள் தாள்கட்டுகளுக்கு அடியில் கிடந்தன. கடைசிப் பரீட்சையில் அறுபத்தெட்டு சதவீதம்.

“எண்பதுக்குக் குறையக் கூடாதுன்னு போட்டிருக்கே. உன் இடத்தை வேற பொண்ணுக்குக் குடுத்தாச்சு” என்றார் அந்த அம்மா.

“அப்பாவுக்கு உடம்பு முடியாம...”

“அப்படி ஏதாவதுன்னா பரீட்சைக்கு முன்னாடியே எழுதணும். அதுவும் பின்பக்கத்துலதான் இருக்கு, கண்ணு.”

அந்தக் ‘கண்ணு’தான் தாங்க முடியவில்லை.

அவள் கடைக்குத் திரும்பியபோது அப்பா யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்: “ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?” இருபது வருடமாக, வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிற கேள்வி.

அந்த ஆள் போகும்வரை காத்திருந்து சொன்னாள். அப்பா அட்டையை வாங்கி, பிளேடால் ஓரத்தைக் கீறி உரித்தார். பாதித் தாள் பசையோடு அட்டையிலேயே தங்கிவிட்டது. கையில் வந்த கிழிசலை ஆபரேஷன் செய்த கண்ணுக்கு அருகில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் எழுத்தும் முழுதாக இல்லை.

“விடுங்கப்பா” என்றாள்.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா உள்ளே வந்தாள். “என்ன காலேஜு, இனிமே உன்னைக் கையில புடிக்க முடியாதே! இதுல நாலு காப்பி போடு.”

அவள் தாளை வாங்கி மெஷினில் வைத்தாள். “ஒரு பக்கமாக்கா, ரெண்டு பக்கமா?” வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அப்பா பிளேடை மேசையில் வைத்தார். செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி, யாரையும் பாராமல் நடந்தார்.