மிஷினின் பின்பக்கம்

பஞ்சாட்சரம் பட்டுக்கடையில் ஏ.சி. போட்டதை ஊரே பேசியது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டு முன்கூடத்தைக் கடையாக்கி வைத்திருந்தவர்களில் அந்தத் தைரியம் அவருக்குத்தான் முதலில் வந்தது. வந்தவர்கள் பாயில் திண்டு போட்டுச் சாய்ந்து உட்கார்ந்து, கலர் சோடா குடித்து, ஊட்டி மாதிரி இருக்கிறது என்று மெச்சிவிட்டு, இரண்டு புடவை எடுக்க வந்த இடத்தில் நாலாக எடுத்துப் போனார்கள். அந்த மிஷினுக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டு, அது அனலைக் கக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? பின்பக்கம் சுவரைத் துளைத்துக்கொண்டு சமையலறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் எதிரே மூன்று வருஷமாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி கிருஷ்ணம்மாள்.

ஒரு பக்கம் விறகடுப்பு, மறு பக்கம் அந்த மிஷினின் மூச்சு. நடுவில் நின்றவளுக்கு இருமல் பிடித்து இரண்டு வருஷமாகிவிட்டது. ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் சலங்கை கட்டின மாதிரி சத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். ஆடாதோடை இலையைக் கஷாயம் போட்டுக் குடி என்றார் பஞ்சாட்சரம். அவள் குடித்தாள். நாக்குதான் கசந்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம் வைகாசி முகூர்த்த சமயத்தில் மிஷினுக்கு மூச்சு முட்டியது. அரைமணி ஓடும், பெருமூச்சு விட்டு நின்றுவிடும். அன்று ராத்திரி பஞ்சாட்சரம் சாப்பிடவில்லை. மெட்ராஸுக்கு டிரங்க்கால் போட்டார். பெண்டாட்டிக்கு ஆடாதோடை, மிஷினுக்கு டிரங்க்கால். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே சிட்டிபாபு என்கிற மெக்கானிக் பையோடு வந்து இறங்கினான்.

அவனும் கடையாள் கந்தனுமாக மிஷினைச் சுவரிலிருந்து உருவி, புறக்கடையில் துணி துவைக்கிற கல்மேல் வைத்தார்கள். சிட்டிபாபு மேல்மூடியைக் கழற்றியதும் கந்தன் துண்டால் மூக்கை மூடிக்கொண்டான்.

கிருஷ்ணம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். பின்பக்கத்துக் காயிலில் மெல்லிய தகடுகள் நெருக்கமாக நிற்கும், அவற்றின் இடுக்கில்தான் காற்று போகும் என்றான் சிட்டிபாபு. இடுக்கு எங்கே இருந்தது? எண்ணெய்ப் புகையும் கரியும் மாவும் தலைமுடியும் சேர்ந்து கறுப்பாக, பிசுபிசுவென்று, ஒரு விரல் தடிமனுக்குப் படிந்து கிடந்தது. அவன் ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தை நெம்பியதும் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. உள்ளே செத்த கரப்பான்கள், அவற்றின் முட்டை, காய்ந்து ஒட்டிப்போன ஒரு பல்லி. சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை குப்பென்று கிளம்பி அவள் தொண்டையில் போய் உட்கார்ந்தது.

பஞ்சாட்சரத்துக்கு எந்த வாடையும் தெரியவில்லை. பட்டைத் தொடுமுன் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவுகிற மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, கையை மணிக்கட்டு வரை அந்தச் சேற்றில் விட்டு வழித்து வழித்துப் போட்டார்.

"பாவம், இவ்ளோ நாள் எப்படித் தாங்குச்சோ" என்றார், மிஷினைப் பார்த்து.

சமையல் புகையெல்லாம் இதற்குள்தான் போயிருக்கிறது என்று சிட்டிபாபு சொன்னதுதான் தாமதம், அவர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் தாளிக்கிற தாளிப்பும் பொரிக்கிற பொரியலும்தான் மிஷினைக் கொன்றுவிட்டன என்றார். அப்பளமும் மோர்மிளகாயும் இல்லாமல் தமக்கு ஒரு வாய் சோறு இறங்காது என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

சிட்டிபாபு ஒரு யோசனை சொன்னான். தெருப்பக்கச் சுவரில் மாட்டிவிட்டால் நல்ல காற்று கிடைக்கும், இந்தத் தொல்லையே இருக்காது என்றான்.

"தெருவுலயா? விடிஞ்சா போதும், தறிக்காரங்க பட்டு இழையை நீளமா இழுத்துக் கட்டி பாவுக்குக் கஞ்சி போட்டுக்கினு இருப்பாங்கபா. இந்த அனல் பட்டா இழை மொத்தமும் அறுந்துடும். அது தாங்குமா? அதுக்குத்தானே அன்னிக்கே யோசிச்சி அடுப்பங்கரைப் பக்கமா வச்சேன்."

கிருஷ்ணம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவர் அதைத் தம்முடைய கெட்டிக்காரத்தனமாகச் சொன்னார். நாளையிலிருந்து அவள் வெளியே சமைத்துக்கொள்ளட்டும், கக்கூஸ் சுவரை ஒட்டித் தகரம் போட்டுத் தருகிறேன், மிஷினுக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்றும் சொன்னார்.

அவளுக்கு இருமல் வந்தது. வளைந்து குனிந்து இருமி, கழுநீர் வாய்க்காலில் துப்பினாள். கோழை கறுப்பாக விழுந்தது.

"சீ, மிஷின் பக்கத்துல துப்பாதே. அருவருப்பா இருக்குது" என்று முகத்தைச் சுளித்து இரண்டடி தள்ளிப் போனார் பஞ்சாட்சரம். மணிக்கட்டு வரை அப்பியிருந்த கருஞ்சேறு அவர் விரல்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு குளித்து, விபூதி பூசி, வாலாஜாபாத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வருகிற ரைஸ்மில்காரர் குடும்பத்தைக் கோயிலிலிருந்து அழைத்துவரப் போய்விட்டார்.

சிட்டிபாபு சலவை சோடா கரைத்த தண்ணீர் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தான். வளைந்த தகடுகளை இரும்புச் சீப்பால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. அதில் எது மிஷினுடையது, எது தன்னுடையது என்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

"இது கழுவினா சரியாப்பூடும்மா. நீங்க நல்ல டாக்டராப் பார்த்துக் காட்டுங்க" என்றான் தலை நிமிராமல்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்குப் புருஷன்மேல் கோபம் வந்திருக்கிறது, வருத்தம் வந்திருக்கிறது. அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான். அந்தக் கை பிசைந்த சோற்றில் மிச்சத்தையெல்லாம் சாப்பிட்டிருக்கிறோமே என்று நினைத்தாள்.

மிஷினைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே வந்தபோது வழியில் நின்றாள்.

"திருப்பி மாட்டுப்பா. குளிர் இந்தப் பக்கம் வரணும்."

சிட்டிபாபு பயந்து போனான். அனலும் சொட்டுகிற தண்ணீரும் கடைக்குள் போகும், முதலாளி தோலை உரித்துவிடுவார் என்றான்.

"இந்த வீடு எங்கப்பா எனக்குக் குடுத்தது. சுவரும் என்னுதுதான். நான் சொன்னேன்னு சொல்லிடு."

அவன் கந்தனைப் பார்த்தான். கந்தன் கூரையைப் பார்த்தான். மிஷின் திரும்பி உட்கார்ந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் சிட்டிபாபு பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டினான்.

மூன்று மணிக்கு ரைஸ்மில்காரர் குடும்பம் பதினோரு பேராக வந்து கடையை அடைத்து உட்கார்ந்தார்கள். கந்தன் வழக்கம்போலக் கதவைச் சாத்தினான். புடவைகளை விரித்துப் போடுகிற மும்முரத்தில் பஞ்சாட்சரம் சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சமையலறையில் கிருஷ்ணம்மாள் மிஷினின் திருகைத் திருகி ஓடவிட்டாள். கால்மணி நேரத்தில் கடைக்குள் புழுங்கித் தள்ளியது. கல்யாணப் பெண்ணின் தாயார் முந்தானையால் விசிறிக்கொண்டு, இது என்ன குளிர் என்று கேட்டாள். கேட்டது சமையலறை வரை கேட்டது.

பஞ்சாட்சரம் ஓடிவந்தார். மிஷினின் முகத்தை இந்தப் பக்கத்தில் பார்த்ததும் வாசற்படியைப் பிடித்துக்கொண்டார். ஜில்லென்ற காற்றுக்கு நேராக மணை போட்டு உட்கார்ந்து அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எழுந்து போறாங்கடி. மானம் போவுது. நிறுத்து" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவர், தாமே எட்டித் திருகைப் பிடித்தார்.

"இருக்கட்டும். இப்பதான் எனக்கு மூச்சு வருது."

அவர் கையை எடுக்கவில்லை. கிருஷ்ணம்மாள் எழுந்தாள். அவருடைய மணிக்கட்டை இரண்டே விரலால் பிடித்து, திருகிலிருந்து தூக்கி, அவர் பக்கமாகக் கீழே விட்டாள். பிறகு முற்றத்துக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மிச்ச வெண்டைக்காயை நறுக்கினாள்.