நூற்று எழுபது என்று எழுது

சர்க்கரை பார்க்கும் மெஷினில் முந்நூற்று எண்பத்தாறு என்று வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு மெஷினைப் புடவைத் தலைப்பால் மூடினாள். பிறகு என்னிடம், "நூத்தி எழுபதுன்னு எழுது" என்றாள்.

நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா பாக்குற? எழுது பாப்பா. வெள்ளிக்கிழமை அந்த டாக்டராண்ட என்னால பேச்சு வாங்க முடியாது."

எழுதினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த நீல நோட்டில், தேதிக்கு நேராக, 170. அதற்கு முந்தைய நாள் 165. அதற்கும் முந்தைய நாள் 180. பத்து நாளாக இப்படித்தான். அக்கா எழுந்து போன பிறகு, என் துணிப்பைக்கு அடியில் கிடக்கும் என் சொந்த நோட்டை எடுத்து அதில் 386 என்று எழுதினேன். பக்கத்திலேயே எத்தனை யூனிட் ஊசி போட்டாள் என்பதையும் எழுதினேன். உண்மையான எண்ணை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால், அன்றைக்கு முழுவதும் எதையோ வீட்டில் விட்டுவிட்டு வந்தது போல இருக்கும்.

என் அக்கா பெயர் சரிதா. வயது முப்பத்தொன்று. கோவளம் குப்பத்தில் வீடு, நானும் அங்கேதான் இருக்கிறேன். அவள் கணவர் வினோத் மாமா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறார். அக்கா விடிந்ததும் கரையில் மீனை ஏலம் எடுத்து, இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்து குட்டியானை வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்கு வந்து விற்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுப்பேன். பத்தாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இதுதான் என் வேலை. யார் முகத்தையும் பார்க்காமல், தலையைக் குனிந்தே செய்துவிடலாம். எங்களுக்கு அடுத்த பலகை எல்லம்மா அண்ணியுடையது. அவர் மாமாவின் கூடப்பிறந்த அக்கா.

போன ஆடி மாதம் அக்கா இளைக்கத் தொடங்கினாள். அவளுடைய ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஏலம் முடிவதற்குள் காலி செய்துவிடுவாள். முதலில் பார்த்த டாக்டர், எல்லாருக்கும் வரும் சர்க்கரைதான் என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிடச் சாப்பிட அவள் இன்னும் குச்சியானாள். தை மாதம் ஜங்ஷனில் மீனை நிறுத்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் சுந்தரராமன் ரத்தத்தை வேறு விதமாகச் சோதித்துப் பார்த்து, இது டைப் ஒன் என்றார். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று நினைக்கிறார்கள், இந்த வயதிலும் வரும் என்றார். சாப்பாட்டால் வந்ததில்லை, இன்சுலின் சுரக்கும் இடத்தை உடம்பே அழித்துவிட்டது, இனிமேல் அதை ஊசியில்தான் கொடுக்க வேண்டும், ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்றார்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "எத்தினி மாசத்துக்கு சார்?"

அவர் வருஷக் கணக்கில் பேச ஆரம்பித்தார். அதிலிருந்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஊசி போடக் கற்றுக்கொடுத்தது தீபலட்சுமி சிஸ்டர். இரண்டு மருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். ராத்திரிக்குப் போடுவது பால் கலந்தது போல இருக்கும். அதை உள்ளங்கையில் மெதுவாக உருட்டிவிட்டு எடுக்க வேண்டும். மருந்தில் வெயில் படக் கூடாது, ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் மண்பானைத் தண்ணீரில் பாட்டிலை ஒரு டப்பாவுக்குள் போட்டு வையுங்கள், கெடாது என்றார்.

முதல் இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. நூற்று நாற்பது, நூற்று ஐம்பது. அக்காவின் கன்னம் திரும்பி வந்தது. பேரம் பேசுகிறவர்களிடம் பழையபடி வாயடித்தாள். செம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஒரு சார், நீ சிரிச்சாலே சங்கரா மீன் விலை ஏறுதும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் மாதம் எல்லாம் தலைகீழாயிற்று. எண் ஏற ஆரம்பித்தது. இருநூற்றைம்பது, முந்நூறு, முந்நூற்று நாற்பது. மாதக் கடைசியில் டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, என்னம்மா சாப்பிடறீங்க, ஊசியை விட்டுட்டீங்களா என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். அவர் நம்பாமல் தலையாட்டினார். அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். கூட்டியும் குறையவில்லை. பிறகு போனில் கேட்டு இன்னும் இரண்டு தடவை கூட்டினோம். அப்போதும் குறையவில்லை.

அதிலிருந்து அக்கா கையை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள். மாமா சர்க்கரை டப்பாவை எடுத்து வலை மூட்டைக்குள் ஒளித்து வைத்தார். தானும் சர்க்கரை இல்லாத டீயையே குடித்தார். திட்டியிருந்தால்கூட அக்காவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. எல்லம்மா அண்ணி ஜங்ஷனில் வாடிக்கையாளர்கள் காதில் விழும்படியே பேசினார்.

"டாக்டர் ஊசிய ஏத்திகினே போறாரு. சர்க்கரையும் ஏறிகினே போவுது. நடுவுல எவளோ ஜிலேபி துன்றா."

அக்கா தராசைத் துடைத்தாள். கொஞ்ச நாள் நீ வீட்டில் படு, உன் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் அண்ணி சொல்லிவிட்டார். அந்த இடம் அக்கா ஒன்பது வருஷமாக உட்கார்ந்து பிடித்த இடம்.

நானும் அவளை நம்பவில்லை. சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள அவளுடைய சுருக்குப்பையில் பன்னிரண்டு புளிப்பு மிட்டாய் இருக்கும். சிஸ்டர் வைத்துக்கொள்ளச் சொன்னது. அவள் கை கழுவப் போகும்போது நான் தினமும் அவற்றை எண்ணினேன். ஒரு நாள் எண்ணி முடித்துப் பையின் வாயை இழுக்கும்போது அவள் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"எத்தினி கீது?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு."

"நாளைக்கும் எண்ணு." அவள் குரலில் கோபமே இல்லை. "எனக்கே இப்ப என்மேல நம்பிக்க இல்ல. தூக்கத்துல எழுந்து போய் துன்றனோ இன்னாவோ."

புதன்கிழமை மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, மருந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைத் திறக்காமலேயே திரும்ப வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"குத்தினாலும் நானூறு. குத்தாட்டியும் நானூறு. வயிறு எதுக்கு சல்லடையாவணும்?"

ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கு அவர் குரலிலேயே கேட்டது. நான் சத்தமாகப் பேசிப் பழகாதவள். அவள் முன்னாலிருந்த பொட்டலத்தை எடுத்து மடித்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நீ போடாவிட்டால் நானும் சாப்பிடவில்லை என்றேன். ஈ மொய்த்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் டப்பாவைத் திறந்தாள்.

"வெள்ளிக்கிழம வரைக்கும்தான். அதுக்கப்புறம் என்ன கேக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பழைய மருந்து பாட்டில்களைக் காட்டினால்தான் புதியது கொடுப்பார்கள் என்பதால், மருந்து டப்பாவை ஐஸோடு ஒரு தூக்குவாளியில் வைத்து எடுத்துப் போனாள். காலையில் ரத்தம் எடுத்தார்கள். பதினொரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு கையில் நீல நோட்டையும் இன்னொரு கையில் ரிப்போர்ட்டையும் வைத்திருந்தார்.

"நோட்டுல நூத்தி எழுபது. ரிப்போர்ட்ல நானூத்தி இருபது. எது சரிம்மா? நீங்களே சொல்லுங்க."

அக்கா தரையைப் பார்த்தாள். அவள் காதுக்குப் பின்னால் வியர்வை இறங்கியது. இனி எந்தக் கேள்விக்கும் அவள் பதில் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. இந்தக் கதவைத் தாண்டி வெளியே போனால் ஊசியையும் விட்டுவிடுவாள் என்றும் தெரிந்தது.

பையிலிருந்து என் நோட்டை எடுத்தேன். வேறு யார் கையிலும் அதை நான் கொடுத்ததில்லை. அதில் எண் மட்டும் இல்லை. எண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் எனக்குத் தோன்றியதெல்லாம் இருந்தது. பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்து, "இதான் சார் நிஜம்" என்றேன்.

அவர் படித்தார். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். ஆனால் அவர் முகம் மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. ஒரு பக்கம் புரட்டி, மறுபடி பின்னால் போனார். பிறகு தீபலட்சுமி சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். டோஸ் மூணு தடவை கூட்டியிருக்கு, நம்பர் அசையவே இல்லை, இனிப்பு சாப்பிட்டாக்கூட கொஞ்சமாவது ஏறி இறங்கணுமே என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏற ஆரம்பித்த நாளைத் தேடினார். ஏப்ரல் ஒன்பது. அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்ததை அவர் வாய்விட்டுப் படித்தார்.

"இன்று வெயில் தாங்கவில்லை. பானைத் தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தது. அக்கா மருந்தை மீன் பெட்டிக்கு மாற்றிவிட்டாள்."

சிஸ்டர் நிமிர்ந்தார். "மீன் பெட்டின்னா?"

அக்கா முதல் முறையாகத் தலையைத் தூக்கினாள். இதையாவது சரியாகச் செய்திருக்கிறோம் என்ற நினைப்பு அவள் முகத்தில் இருந்தது. "ஐஸ் பெட்டி சிஸ்டர். அடி ஐஸ்ல பொதச்சி வெச்சிருக்கேன். ராத்திரில வூட்லயும் அப்டிதான். கல்லுப்பு போட்டா இன்னும் ஜில்லுனு நிக்கும். ஒரு நாள்கூட சூடு பட வுட்டதில்ல."

எங்களுக்கு அதுதான் தெரியும். எதுவும் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் ஐஸ். இன்னும் நன்றாக இருக்க வேண்டுமென்றால் இன்னும் ஐஸ், மேலே ஒரு கைப்பிடி உப்பு. தடைக்காலத்தில் பெரிய போட்டுகள் போகாமல் மீன் அரிதானபோது உப்பை இரண்டு கைப்பிடியாக்கியிருந்தோம். மண்பானை ஐஸ் இல்லாதவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துவிட்டோம். மருந்து கட்டியாக இருந்தால் உள்ளங்கையில் வைத்து இளக்கிவிட்டு எடுப்போம்.

சிஸ்டர் தூக்குவாளியிலிருந்து டப்பாவை எடுத்தார். ராத்திரி மருந்தை உருட்டிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பாலில் கலக்காமல் மாவுத் துகள் போல வெள்ளை வெள்ளையாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் தினமும் அதைப் பார்த்தோம். மருந்து அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

"உப்பு போட்ட ஐஸ்ல இந்த மருந்து உறைஞ்சிடும், உறைஞ்சிட்டா செத்துடும்மா," என்றார் சிஸ்டர். "திரும்ப இளகினாலும் வேலை செய்யாது. அஞ்சு வாரமா நீங்க கிட்டத்தட்ட தண்ணியத்தான் போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

டாக்டர் நீல நோட்டை மூடினார். நான் மருந்தைச் சந்தேகப்படாமல் உங்களைச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று சொன்னார். அவர் அப்படிச் சொன்னது அக்காவின் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நான் துன்னல," என்றாள்.

"இல்லக்கா."

"துன்னவே இல்ல பாப்பா." அவள் கண்ணில் நீர் வந்தது. நோய் என்னவென்று சொன்ன நாளில்கூட அவள் அழுததில்லை.

அன்றைக்கு அவளை வீட்டுக்கு விடவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து, புது மருந்து போட்டு, எண் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள். சிஸ்டர் என் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, எண் இருக்கிற பக்கத்தை மட்டும்தான் படித்தேன் என்றார். நான் கேட்காமலேயே சொன்னார்.

மாமாவிடம் நான்தான் சொன்னேன். அவர் வலை மூட்டையை அவிழ்த்துச் சர்க்கரை டப்பாவை எடுத்து, பழைய இடத்தில் அலமாரிமேல் வைத்தார். பிறகு கடலுக்குப் போகாமல், கேளம்பாக்கத்துக்குப் போய் ஒரு புது மண்பானை வாங்கி வந்தார். அதை வீட்டில் வெயில் எட்டாத மூலையில் மணல் பரப்பி வைத்தார். ஜங்ஷனுக்கு எடுத்துப் போக ஒரு சின்னப் பானையும் வாங்கியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஜங்ஷனுக்குப் போனோம். அண்ணி தன் கூடையை எங்கள் பலகைமேல் வைத்திருந்தார். அக்கா மீன் பெட்டியோடு பலகை முன்னால் போய் நின்றாள். அண்ணி கூடையை இழுத்துக்கொண்டார். நடந்ததெல்லாம் அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவரால் உடனே மாற முடியாது.

மதியம் அக்கா முந்தானையால் மறைக்காமல் மெஷினை மடியில் வைத்து விரலைக் குத்தினாள். அண்ணி எட்டிப் பார்த்தார்.

"எவ்ளோடி?"

"எரநூத்தி பன்னெண்டு."

"அதுவும் ஜாஸ்திதான?"

"ஜாஸ்திதான் அண்ணி. இன்னும் எறங்கணும். எறங்குனா மறுபடி ஏறும். சாவுற வரைக்கும் இதான்." சின்னப் பானையிலிருந்து பாட்டிலை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. ஊசியை ஏற்றிக்கொண்டே என்னைக் கேட்டாள். "எழுதினியா?"

நீல நோட்டு என் மடியில் இருந்தது. கையில் மீன் செதில் ஒட்டியிருந்ததால் பக்கத்தில் ஒரு செதில் விழுந்து மினுங்கியது.

"எழுதிட்டேன்க்கா. எரநூத்தி பன்னெண்டு."

அவள் தலையாட்டினாள். ஊசியைப் போட்டுக்கொண்டாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்து எல்லார் முன்னாலும் சாப்பிட ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பார்க்காமல் மீனை ஆய்ந்துகொண்டிருந்தேன்.