கினிகத்தேனைக்குப் பன்னிரண்டு கட்டங்கள்

எழுதி வைக்காத எதையும் ஜீவராஜ் நம்புவதில்லை. மஸ்கெலியாவை அடுத்த தோட்டமொன்றில் அவன் வெளிக்கள உத்தியோகத்தன். தோட்டத்து மக்கள் வாயில் அவன் கண்டாக்கையா. பதினாறு ஆண்டுகளாகக் காலைப் பெரட்டில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு, வந்தவர்களை வேலைக்குப் பிரித்தனுப்பி, வராதவர்களைக் குறித்துக்கொண்டு பழகியவன், வீட்டுக்கு வந்த பின்னும் அந்தப் பழக்கத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுவதில்லை. ஆகவே, அந்தச் சனிக்கிழமை காலை குவாட்டர்ஸ் வாசலில் நின்ற மின்சாரக் காரும் பெரட்டுக்கு வந்த ஆளைப் போலவே நடத்தப்பட்டது. டயர் நான்கு, வந்திருக்கிறது. விளக்கு இரண்டு, வந்திருக்கிறது. மின்கலத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் பன்னிரண்டு, இரவு மின்னேற்றியதில் எல்லாம் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு சரி அடையாளம் விழுந்தது.

"குனிஞ்சு குனிஞ்சு என்ன பாக்கிறீங்க? அதுக்கென்ன காய்ச்சலா?" என்று கேட்டபடி மனைவி சுலக்ஷனா வெளியே வந்தாள்.

"சத்தமே வரல சுலா. ஸ்டார்ட்டாயிருக்கா இல்லையான்னே வெளங்கல."

"சத்தந்தான் கொறையின்னா நான் போடுறேன். நீங்க ஏறுங்க."

அவளுக்கு அவசரம் இருந்தது. மூன்று வாரங்களுக்கு முன்னர் கினிகத்தேனையிலுள்ள அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்கு அவள் இடமாற்றம் பெற்றிருந்தாள். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இன்னொன்று; போக நாற்பத்தைந்து கிலோமீற்றர், வர நாற்பத்தைந்து. விடியுமுன் புறப்பட்டு, விளக்கு வைத்த பின் திரும்பி வந்தாள். மூன்றாவது வாரத்தில், பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கும் வித்தை தனக்குக் கைவந்துவிட்டதாக அறிவித்தாள். அவன் சிரித்தான், பிறகு, அது சிரிப்பதற்காகச் சொல்லப்பட்டதல்ல என்பதை அவளுடைய கண்களின் கீழிருந்த கருமையில் கண்டான்.

கந்தோருக்கு அருகில் சோமலதா என்ற அம்மா ஓர் அறையை வாடகைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே தங்கினால் சுலக்ஷனாவின் களைப்புத் தீரும். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் குவாட்டர்ஸில் ஜீவராஜும் குறிப்பேடும் மட்டும் இருப்பார்கள். திருமணமாகி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. பெற்றோல் கார் வாங்கித் தினமும் தொண்ணூறு கிலோமீற்றர் ஓடுவதென்றால் அவளுடைய சம்பளம் வீதியிலேயே கரைந்துவிடும். எஞ்சியிருந்த வழி, ஹட்டனில் பழைய வாகனங்கள் விற்கும் றிஷாத் நானாவின் முற்றத்தில் நின்ற, பத்து வயதான இந்த மின்சாரக் கார்தான்.

"சனியும் ஞாயிறும் ஓட்டிப் பாருங்க தம்பி," என்று வெள்ளி மாலை சாவியைக் கொடுக்கும்போது றிஷாத் நானா சொல்லியிருந்தார். "புடிச்சா எடுங்க. புடிக்காட்டிக் கொண்டாந்து வைங்க. பெட்டரி கொஞ்சம் வயசாளி, அத மறைக்க மாட்டேன். ஒங்கட பயணத்துக்குத் தாங்குமா இல்லையாங்கிறத நீங்கதான் பாக்கணும்."

சுலக்ஷனா சாரதியின் கதவை நோக்கி நடந்தாள். ஜீவராஜ் குறுக்கே வந்தான்.

"நீ அந்தப் பக்கம் ஏறு. டெஸ்ட் பண்றதுன்னா அதுக்கொரு மொறை இருக்கு."

"எங்கிட்டயும் லைசன் இருக்குங்க."

"கியர் போடத் தெரியாத லைசன். ஒன்னோடது லைசன் இல்லம்மா, பஸ் டிக்கட். ஒக்காந்து வாறதுக்கு மட்டுந்தான் செல்லும்."

அவள் தானியங்கிக் கியர் வாகனங்களுக்கு மட்டுமான அனுமதிப்பத்திரம் எடுத்தவள். அந்த ஒரு விடயத்தில் கணவனின் நகைச்சுவை நான்கு ஆண்டுகளாக வற்றவில்லை.

"சரி, ஓட்டுங்க கண்டாக்கையா. தெனமும் இதுல போகப்போறவ நாந்தாங்கிறத மட்டும் மறந்துறாதீங்க," என்றபடி அவள் இடப்பக்கம் ஏறினாள்.

எல்லாவற்றையும் எழுதுகிறவன் அந்த வாக்கியத்தை எழுதிக்கொள்ளவில்லை.

ஜீவராஜின் ஓட்டும் திறமை பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவை. மலைநாட்டுச் சாரதிகளிடம் ஒரு வழக்கம் உண்டு: நீண்ட இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, மலை கொடுக்கும் ஓட்டத்திலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போவார்கள். வீதி விதிகள் அதைக் கண்டிக்கின்றன; சாரதிகள் அதைக் கெட்டித்தனம் என்கிறார்கள். எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற ஆண்டில், தோட்டத்து வேனை ஹட்டனிலிருந்து வட்டவளை தாண்டியும் ஜீவராஜ் அப்படியே உருட்டிச் சென்றதைப் பற்றி மஸ்கெலியாக் கடைத்தெருவில் இன்றைக்கும் பேச்சுண்டு. பேச்சை அவிழ்த்துவிடுகிறவன் பெரும்பாலும் ஜீவராஜ்தான்.

அன்று மழை. கண்ணாடியில் பனி படியாமலிருக்கச் சூடான காற்றையும், பாதை தெரிய விளக்கையும், பரீட்சை முழுமையாக இருக்கட்டுமென்று வானொலியையும் போட்டான். நோர்வூட் இறக்கத்தில் முதல் சங்கடம் நேர்ந்தது. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் கார் தானாக உருளவில்லை. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் வேகம் தளர்ந்தது.

"பாத்தியா, எறக்கத்துலயே இழுக்குது. கெழட்டுச் சாமான்."

இருக்கைகளுக்கு நடுவிலிருந்த சிறிய உருண்டைக் குமிழை அவனுடைய கை நியூட்ரலுக்குத் தள்ளியது. இழுப்பு நின்றது. கார் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவனுடைய முகத்தில், வேனை உருட்டிய காலத்துப் பெருமிதம் திரும்பி வந்தது.

"இதுதாண்டி ஓட்டுறது."

"இது ஓட்டுறதா? உருளுறது மாதிரியில்ல இருக்கு."

ஹட்டனில் ஒன்பது கட்டங்கள். றொசல்ல, வட்டவளை என்று ஒவ்வோர் இறக்கத்திலும் குமிழ் நியூட்ரலுக்குப் போனது. ஒவ்வோர் ஏற்றத்துக்கு முன்னரும் வேகம் எடுப்பதற்காக அவனுடைய கால் அழுத்தியது. கினிகத்தேனையில் எட்டு. "ஒரே ஒரு கட்டந்தான் போச்சு!" என்று குதூகலத்துடன் எழுதினான். திரும்பும் ஏற்றத்தில் அந்தக் குதூகலம் கட்டம் கட்டமாக உதிர்ந்தது. வட்டவளையில் ஐந்து, றொசல்லயில் மூன்று, ஹட்டனில் ஒன்று. அந்த ஒன்றும் கண் சிமிட்டத் தொடங்கியிருந்தது.

காரை றிஷாத் நானாவின் முற்றத்தில் மின்னேற்றத்துக்கு விட்டுவிட்டு, மஸ்கெலியா பஸ்ஸில் இருவரும் தொங்கிக்கொண்டு வீடு சேர்ந்தார்கள். குறிப்பேட்டின் கடைசி வரி, அடிக்கோட்டுக்கு மேல் அடிக்கோடு போட்டு எழுதப்பட்டிருந்தது: எமது அன்றாடப் பயணத்துக்குப் பொருந்தாது.

சுலக்ஷனா அதை வாசித்தாள். சோமலதாவுக்கு அழைப்பெடுத்து, நாளைக்கே சாமான்களுடன் வருவதாகச் சிங்களத்தில் சொன்னாள். ஜீவராஜ் அடுத்த அறையில் குடையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தான். ஒரு குடையை விரிப்பதற்கு அவ்வளவு நேரம் எடுத்தது அதுவே முதல் தடவை.

ஞாயிறு காலை, சுருட்டிய மெத்தையும் ஒரு பெட்டியுமாக ஹட்டனில் இறங்கினார்கள்.

"இன்னக்கிப் பின்னேரம் வரைக்கும் கார் நம்மகிட்டதானே? மெத்தைய பஸ்ஸுல ஏத்தி நாலு பேருகிட்டப் பேச்சு வாங்க என்னால ஏலாது. இதுல கொண்டுபோய் எறக்கிட்டு வந்துருவோம்," என்றாள் சுலக்ஷனா. "இன்னக்கி நான் ஓட்டுறேன். ஒங்க டெஸ்ட்டுதான் முடிஞ்சிருச்சே."

பதினொரு கட்டங்களோடு கார் புறப்பட்டது. மழையில்லை. ஜீவராஜ் இடப்பக்கத்தில், மெத்தையின் ஒரு முனை பிடரியில் முட்ட, வாயைக் கட்டி வைத்திருந்தான். முதல் நீண்ட இறக்கத்தில் கட்டு அவிழ்ந்தது.

"நியூட்ரல்ல போடு."

"எதுக்கு?"

"எறக்கம்!"

"எறக்கம்னு எனக்கும் தெரியுது. ஓட்டச் சொல்லித்தந்த மிஸ், வண்டி ஓடுறப்ப கியரத் தொட்டா கைய வெட்டுவேன்னு சொல்லியிருக்காங்க. நான் தொடமாட்டேன்."

"ஆமா, பஸ் டிக்கட்டுக்கு அவ்வளவுதான் சொல்லித்தருவாங்க."

அவள் காலை மட்டும் எடுத்தாள். கார் அதே பழைய இழுப்போடு, ஆனால் அடக்கமாக, பிரேக்கை அதிகம் கேட்காமல் வளைவு வளைவாக இறங்கியது. பழக்கதோஷத்தில் ஜீவராஜ் கட்டங்களைப் பார்த்தான். றொசல்லயில் பத்து. எழுதினான். வட்டவளை தாண்டிப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

பதினொன்று.

கூப்பிட்டு முடித்த பெரட்டில் புதிதாக ஓர் ஆள் வந்து நின்றதுபோல் இருந்தது. முதலில் மீற்றர் பழுது என்று எழுத நினைத்தான். அடுத்த இறக்கத்தில், அவள் காலை எடுத்த கணத்தில், கட்டங்களின் பக்கத்திலிருந்த சிறிய அம்புக்குறி மின்கலத்தை நோக்கித் திரும்புவதைக் கண்டான். கால் அழுத்தியதும் அது மறுபக்கம் திரும்பியது. எடுத்தாள், மின்கலத்தை நோக்கி. அப்போதுதான் அவனுக்குச் சட்டையைப் பிடித்து இழுத்தது யாரென்று புரிந்தது. காரை இழுத்துப் பிடித்த அந்தப் பலம் வீணாகப் போகவில்லை. மின்சாரமாக மாறி மின்கலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மலை இலவசமாகக் கொடுக்க வந்ததை, நேற்று ஓர் இறக்கம் விடாமல், நியூட்ரலில் போட்டு வேண்டாமென்று அனுப்பிவைத்தவன் அவன்தான். மிச்சம் பிடித்ததாக எழுதியும் வைத்திருந்தான்.

குறிப்பேட்டை மூடினான். இந்த ஒரு கட்டத்து வித்தியாசம் அவனுக்கு மட்டுமே தெரியும். சுலக்ஷனா பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் அவனுடைய பெயர் கெடாது; மெத்தை மட்டும் இறங்கிவிடும்.

சோமலதாவின் வீட்டு வாசலில் கார் நின்றது. அந்த அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வெளியே வந்தார். சுலக்ஷனா பின்கதவைத் திறந்து மெத்தையின் கயிற்றைப் பிடித்தாள்.

"மெத்தைய எறக்காத," என்றான் ஜீவராஜ்.

"ஏங்க?"

"கொஞ்சம் பொறு. ஒரு விசயம்... நேத்து எடுத்த டெஸ்ட்டு சரியில்ல."

"எந்த டெஸ்ட்டு? மொறையா எடுத்தீங்களே, அதுவா?"

"அதான். எறக்கத்துல கியர்லயே விட்டா இது தானாச் சார்ஜ் ஏத்திக்குது. நான் நியூட்ரல்ல போட்டதால ஏறல. இந்தா பாரு, பத்து பதினொண்ணாயிருக்கு." குறிப்பேட்டை நீட்டினான். "ஏத்தத்துலயும் நான்தான் காலால மிதிச்சு சார்ஜத் தின்ன வச்சேன்."

அவள் குறிப்பேட்டை வாங்கி மெதுவாக, ஒரு வரியும் விடாமல் வாசித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அப்ப பழுது கார்ல இல்ல."

"இல்ல."

"எங்க இருக்குன்னு வாயால சொல்லுங்களேன். எழுதிக்கிறேன்."

"சரி, சரி. அந்தம்மா பாக்கிறாங்க."

"பாக்கட்டுமே. சாட்சி வேணாமா?"

அவன் சொன்னான். சொன்ன பிறகு, எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை என்பது அவனுக்கே வியப்பாக இருந்தது. சுலக்ஷனா கதவைச் சாத்திவிட்டு, அறையைப் பின்னேரம் வரை வைத்திருக்கும்படியும் முடிவை அழைத்துச் சொல்வதாகவும் சோமலதாவிடம் கேட்டுக்கொண்டாள். அந்த அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "கமக் நே துவே, பரவாயில்ல," என்று இரண்டு மொழியிலும் சொன்னார்.

ஏற்றம் தொடங்கியது. குமிழை எட்டித் தொட்டுவிடாதபடி ஜீவராஜ் இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவள் அவசரப்படுத்தாமல் ஏற்றினாள். இடையில் வந்த சிறு இறக்கங்களிலெல்லாம் காலை எடுத்தாள். வட்டவளையில் எட்டு. ஹட்டனில் ஆறு. றிஷாத் நானா முற்றத்திலிருந்து கையைக் காட்டினார். கார் நிற்காமல் டிக்கோயாப் பக்கம் போனது.

"எங்க போற?"

"மஸ்கெலியாவுக்கு. அங்கருந்து திரும்பி ஹட்டனுக்கு. அப்பத்தான் என்னோட ஒரு நாள் முழுசாகும். கணக்குப் பாக்கிறவரு நீங்க, இது தெரியலையா?"

மஸ்கெலியாவில் நான்கு. குவாட்டர்ஸில் மெத்தையையும் பெட்டியையும் ஜீவராஜே இறக்கி உள்ளே வைத்தான். வழக்கத்துக்கு மாறாக, இறக்கியவற்றை எண்ணவில்லை. மறுபடியும் ஹட்டன் முற்றத்தில் கார் நின்றபோது இரண்டு கட்டங்கள் சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தன. தொண்ணூறு கிலோமீற்றரும் முடிந்திருந்தது.

"நேத்து தவண்டு வந்துச்சு, இன்னக்கி நிமிந்து வருது," என்றார் றிஷாத் நானா. "என்ன செஞ்சீங்க தம்பி?"

"ஆள மாத்தினோம்," என்றான் ஜீவராஜ்.

"அப்ப எடுக்கிறீங்களா?"

ஜீவராஜ் வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான். ஓட்டப்போகிறவள் அவள்தான் என்பது ஒருவழியாக அவனுக்குள் பதிவாகியிருந்தது.

"மழை நாள்ல ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டுக் கையெழுத்து வைக்கிறேன் நானா," என்றாள் சுலக்ஷனா. "இன்னும் ரெண்டு நாள் தருவீங்களா? நாளக்கிக் கந்தோருக்கே இதுலதான் போகப்போறேன்."

"ஒரு கெழமை வச்சிக்கோங்க மகள். ஆனா ஓட்டுறது நீங்களா இருக்கணும்."

அவள் ஒதுங்கிப் போய்ச் சோமலதாவுக்கு அழைப்பெடுத்தாள். அறை வேண்டியதில்லையென்று அவள் சொல்ல, மறுமுனையில் காரணம் கேட்கப்பட்டிருக்க வேண்டும். மின்கலத்தைப் பற்றியோ இறக்கங்களைப் பற்றியோ அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. ஜீவராஜுக்கு நன்றாகக் கேட்கும்படி, சிங்களத்தில், மிகுந்த அனுதாபம் நிறைந்த குரலில் சொன்னாள்:

"மஹத்தயாட்ட தனியம இன்ன பயலு, அம்மே."

ஐயாவுக்குத் தனியாக இருக்கப் பயமாம். தோட்டத்துப் பெரட்டில் இருநூறு பேரை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறவனைப் பற்றி இப்படியொரு செய்தி கினிகத்தேனை வரை போய்விட்டது. மறுக்கத் தேவையான சிங்களம் ஜீவராஜிடம் தாராளமாக இருந்தது. அவன் மின்னேற்ற வயரை எடுத்து, காரின் மூக்கிலிருந்த துளையைத் தேடிக் குனிந்துகொண்டான்.