மைத்துனன் மேல் பூத்தது

எலக்ட்ரீஷியனின் மைத்துனன் உடம்பில் ஆர்க்கிட் நாற்றுகள் வேர்விட்டது, அவனை வீட்டைவிட்டுக் கிளப்பக் குறித்திருந்த நாளுக்கு முந்தின நாள். தோளில் கொஞ்சம், கழுத்தோரம் கொஞ்சம், மிச்சமெல்லாம் தொப்பையில். அவன் அதைக் கவனித்ததே விளம்பர இடைவேளையில்தான்.

வேலை தேடுகிறேன் என்று வந்தவன் அக்கா வீட்டுக் கூடத்து சோபாவில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன்தான். வருஷங்கள் ஓடின, சோபாவில் அவன் அளவுக்குக் குழி விழுந்தது. கூடத்தில் படிக்கவேண்டிய மகள் அடுப்படியில், எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே புத்தகத்தை விரித்தாள், அங்கேயே தூங்கினாள். "பரீட்சைக்குள்ள எனக்குக் கூடம் வேணும்ப்பா" என்று அவள் அழுத பிறகுதான் எலக்ட்ரீஷியனுக்கு ரோஷம் வந்தது. மாசக் கடைசிக்குள் மைத்துனன் கிளம்பியாக வேண்டும் என்றார். அக்காக்காரி மூக்கைச் சிந்தினாள். பிறகு மனசை ஆற்றிக்கொள்ள, கண்ணாடிக் குடுவையில் விற்கும் ஆர்க்கிட் நாற்றுகளை வாங்கி வந்தாள்.

அவளுக்குத் தெரிந்த வளர்ப்பு ஒன்றுதான்: ஊட்டுவது. வேரில் ஒட்டியிருந்த பசையைக் கழுவி, பாசியில் நட்டு, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைத்ததுவரை சரி. பாசி காய்ந்த பிறகுதான் தண்ணீர் என்று நர்சரிக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கேட்டாளா? பிள்ளைகள் வாடுதே என்று காலையும் மாலையும் ஊற்றினாள். தம்பிக்குச் சோறு போட்டுக் கெடுத்த அதே கை. வேர்கள் அழுகத் தொடங்கின. பிழைத்த நாற்றுகள் தொட்டியைவிட்டு இறங்கி, அந்த வீட்டிலேயே தண்ணீர் படாத ஒரே இடத்தைத் தேடிப் போயின. மைத்துனன் கடைசியாகக் குளித்தது யாருக்கும் ஞாபகமில்லை.

எலக்ட்ரீஷியன் குறடோடு வந்தார். "ஐயோ, வேர் புடிச்சதைப் போய்ப் புடுங்குவாங்களா? செடி செத்துடும்ங்க!" என்று அக்காக்காரி குறுக்கே விழுந்தாள்.

"எனக்கொண்ணும் தொந்தரவில்ல மாமா, இருந்துட்டுப் போகட்டும்" என்றான் மைத்துனன், பெரிய தியாகி மாதிரி.

"ஆர்க்கிட்டுக்குக் காத்து வேணும்னு சொன்னேல்ல?" என்று மனைவியிடம் கேட்டார் எலக்ட்ரீஷியன். அவள் தலையாட்டினாள். அவர் பால்கனிக் கூரையில் துளை போட்டு, ஃபேன் மாட்டும் கொக்கிகளை முடுக்கி, மைத்துனனைக் குழியிலிருந்து பெயர்த்தெடுத்து, நிழலான மூலையில் ஒயர் கட்டித் தொங்கவிட்டார். அவன் டிவியைத் தன் பக்கம் திருப்பச் சொன்னான், அவ்வளவுதான். சத்தத்தைச் சுத்தமாக நிறுத்தித் திருப்பி வைத்தார்கள். தண்ணீர் தெளிக்கும் பொறுப்பையும் எலக்ட்ரீஷியனே எடுத்துக்கொண்டார். வேர் காய்ந்து வெளுத்தால் மட்டும் தெளிப்பார். மகள் அன்றைக்கே கூடத்தில் புத்தகத்தை விரித்தாள். பரீட்சை எழுதினாள், மேலே படித்தாள், வேலைக்கும் போனாள்.

அவள் முதல் சம்பளம் வாங்கிய மாதம் செடிகள் பூத்தன. ஊதா நிறம், உள்ளங்கை அகலம். மோந்து பார்த்தால் ஒன்றுமில்லை. வளர்ந்த இடம் அப்படி. அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து வாயைப் பிளந்தார்கள். "இது வளர்றதே கஷ்டமாச்சே, எப்படிங்க வளர்த்தீங்க?" என்றார் எதிர்வீட்டு டாக்டரம்மா.

அக்காக்காரி வாயைத் திறப்பதற்குள், கொக்கியில் ஆடிக்கொண்டே மைத்துனன் சொன்னான்: "சும்மாவா? எத்தனை வருஷ உழைப்பு!"

எலக்ட்ரீஷியன் தெளிப்பானை எடுத்து, வழக்கம்போல் வேருக்கு ஒரு தடவையும் அவன் மூஞ்சிக்கு இரண்டு தடவையும் அடித்துவிட்டு, வேலைக்குக் கிளம்பினார்.