அப்பா படுத்த விரிப்பு

எகிப்தியர்கள் பிணத்தைச் சுற்றப் பெரும்பாலும் புதுத்துணி தேடவில்லை. வீட்டில் கிடந்த பழைய விரிப்புகளைக் கிழித்தே சுற்றினார்கள். அதைப் படித்த அன்றுதான் அக்காவிடம் அப்பாவின் படுக்கை விரிப்பைக் கேட்டேன்.

சாகும்வரை பதினோரு மாதம் அப்பா அதில் கிடந்தார். பார்த்துக்கொண்டது அக்கா. நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அறை வாசலைத் தாண்டவில்லை. நாற்றம் எனக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அக்காவுக்கு நான் 'மூக்கன்'.

"அதை வச்சு என்னடா பண்ணப் போற?"

"அப்பாவை வரையப் போறேன்க்கா. நீ பாத்து சரின்னாத்தான் வெளியே போகும்."

மறுவாரம் பொட்டலம் வந்தது. சோப்பு வாசனை, வெள்ளைத் துணி. நடுவில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மங்கிய மஞ்சள்.

சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தேன். தோலைக் காய்ச்சி எடுத்த பசையைச் சூடாகப் பூசினேன்; அப்போதுதான் துணி வண்ணம் பிடிக்கும். சூடு பட்டதும் துணியிலிருந்து அவர் எழுந்து வந்தார். மூத்திரம், சீழ், மருந்துப் பொடி. கழுவுதொட்டிக்கு ஓடினேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பார்த்தால், மஞ்சள் பழுப்பாகி ஓர் ஆள் படுத்த அளவுக்கு விரிந்திருந்தது.

மூக்கைக் கட்டிக்கொண்டு அதன்மேல் வரைந்தேன். எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் இருப்பது போல, பக்கவாட்டு முகத்தில் நேராகப் பார்க்கும் கண், அகன்ற தோள், ஒட்டிய வயிறு, இறந்தோரின் அரசனுக்குரிய பச்சை மேனி. அந்தச் சுவர்களில் யாருக்கும் புண் வருவதில்லை.

ஓவியக் காட்சிக்கூடக்காரர் வந்து பார்த்தார்.

"கறைதான் சார் உயிரே! நிஜமா, டீத்தண்ணியா?"

"நிஜம்."

"பிரமாதம். இடுப்புக்கிட்ட இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க. கண்ணாடி போட வேண்டாம். வர்றவங்களுக்கு லேசா வாடையும் அடிக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சப்புக்கொட்டினார். அவர் போன பிறகுதான் கவனித்தேன், என் கையில் பழுப்பு தோய்ந்த தூரிகை இருந்தது. அவர் காட்டிய இடத்தில் ஏற்கெனவே இரண்டு இழுப்பு இழுத்திருந்தேன்.

மறுநாள் அக்கா வந்தாள். படத்தின் முன் நின்றாள்.

"யாருடா இவரு?"

"அப்பா."

"அப்பாவுக்கு ஏதுடா இந்த வயிறு?" சிரித்தபடியே கிட்டே போனாள். கறையைத் தொட்டதும் சிரிப்பு நின்றது.

"நான் அலசினப்போ இது போயிருந்துச்சே."

அவள் கை கறையின் மேலேயே இருந்தது.

"அவரு வெக்கப்பட்டது இது ஒண்ணுக்குத்தான். யாரு வந்தாலும் போர்வையை இழுத்து மூடச் சொல்வாரு. நீ வந்தப்பவும் சொன்னாரு. நீ வாசல்ல மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னதை அவரு பாத்தாருடா."

ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். துணியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் வாளியில் அமுக்கி, கொதிநீரை ஊற்றினேன். பச்சை கரைந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மூக்கைக் கட்டவில்லை.

அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"சுடுதண்ணியா ஊத்துற? சூடு பட்டா இந்தக் கறை போகவே போகாது, மூக்கா. நான் பச்சைத் தண்ணியிலதான் அலசுவேன்."

"பசை சூட்டுலதான்க்கா கரையும்."

"அப்போ, பூசினப்பவும் சூடாத்தான் பூசினியா?"

தலையாட்டினேன். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கசக்கிக்கொண்டே இருந்தேன். மூன்று வாளித் தண்ணீர் பச்சையாகப் போய், நான்காவது தெளிந்தது. தோளும் வயிறும் கண்ணும் போய்விட்டன. விரித்துப் பார்த்தேன். அவர் படுத்திருந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது.