சேற்றுக்கு எத்தனை மார்க்?

எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டினால் நண்டுத்திட்டு. பெயர்தான் திட்டு, உண்மையில் மூன்று மைல் நீளத் தீவு. கடல் பக்கம் மணல்மேடு, நடுவில் பனங்காடு, உப்பங்கழிப் பக்கம் அலையாத்திக் காடும் சேறும். மூன்றும் இத்தனை காலம் சண்டையில்லாமல்தான் கிடந்தன. கன்டெய்னர் யார்டு வரப்போகிறது என்றதும் மூன்றுக்கும் பரீட்சை வைக்க ஆள் வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்த்து மார்க் போடுவார்களாம், எது ஃபெயிலோ அங்கே யார்டாம். பெண் பார்க்கப் போகிறவன்கூட இவ்வளவு கூச்சமில்லாமல் மார்க் போட்டதில்லை.

மார்க் போட வந்தவன் திலீப், ஏதோ கன்சல்டன்சி கம்பெனிக்காரன். அவனைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டியவன் செல்வம். செல்வத்துக்கு ஒரே கவலை, சேறு ஃபெயிலாகக் கூடாது. இறால் கிடைப்பது அங்கேதான். அவன் குப்பம், பக்கத்துக் குப்பம் இரண்டிலுமாக நூற்றுப் பதினெட்டு வீட்டில் உலை கொதிப்பது அந்தச் சேற்றை நம்பித்தான்.

மணல்மேட்டில் ஆமை முட்டை ஓடு கிடந்தது. எட்டு மார்க். பனங்காடு போட்டோவில் அழகாக விழுந்தது. அதற்கு ஏழு. படகு கழிக்குள் திரும்பியதும் திலீப் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டான்.

"இங்க யாராவது மீன் பிடிக்கிறாங்களா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட, தெனமும்தான்."

"ஒருத்தரையும் காணோமே."

காணோம்தான். கழியில் வலை போடுவது பாடு முறைப்படி. இன்று ஒரு குப்பத்தின் பாடு என்றால் நாளை மற்றதன் பாடு. அன்று பக்கத்துக் குப்பத்துப் பாடு. அங்கே காலையில் ஒரு சாவு, அதனால் யாரும் இறங்கவில்லை. அதற்காக அடுத்தவன் இறங்கிவிட முடியாது. இறங்கினால் ஒரு வருஷம் பாடு கிடையாது, ஊரில் பேச்சுவார்த்தையும் கிடையாது.

செல்வம் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினான்.

"ஃபார்ம்ல அதுக்கு எடம் இல்லண்ணா. கண்ணால பாத்ததைத்தான் போடணும். காலியா இருந்தா ஜீரோ."

"நாளிக்கு எங்க பாடு சார். நாப்பது படகு காட்றேன், வா."

"நாளைக்கு நான் ஹைதராபாத்ல இருப்பேன்."

செல்வம் வலையையும் கழியையும் மாறி மாறிப் பார்த்தான். சாவு வீட்டுக்காரன் பாட்டில் கை வைப்பது பாவம். வைக்காவிட்டால் சேற்றுக்கு முட்டை. செத்தவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வலையை வீசினான். இறால் துள்ளியது. திலீப் சந்தோஷமாகப் படம் எடுத்தான்.

சேதி அன்று மாலையே ஊருக்குள் வந்துவிட்டது.

"ஊரு நல்லதுக்குத்தான் போட்டேன் நைனா" என்றான் செல்வம்.

"சாவு வூட்டுப் பாட்டுல கைய வெச்சிட்டு நல்லதுன்றான் பாரு" என்றார் குப்பத்துத் தலைவர் மாரியப்பன். ஒரு வருஷம் விலக்கு. மறுநாளிலிருந்து செல்வத்தின் மனைவி சிவந்தியிடம் குழாயடியில்கூட யாரும் பேசவில்லை.

மறுமாதம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஷாமியானா, பிஸ்கட், வாசலிலேயே போலீஸ். அதிகாரி அறிக்கையை வாசித்தார். மூன்றில் சேற்றுக்குத்தான் குறைந்த மார்க், யார்டு அங்கேதான். சேற்றுப் பகுதியைச் சார்ந்து வாழ்பவர் ஒருவர். ஆதாரமாகச் செல்வம் வலையோடு நிற்கும் படம் திரையில் விழுந்தது. யார்டு வந்தால் அந்த ஒருவருக்கு அங்கேயே வாட்ச்மேன் வேலை.

இரண்டு குப்பமும் எழுந்து நின்றது. பாதிக்கப்படுகிறவர் மட்டும்தான் பேசலாம், அறிக்கைப்படி அது செல்வம் ஒருவர்தான் என்று அதிகாரி எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

ஒரு மாதமாக அவன் முகத்தைப் பார்க்காத ஜனம் இப்போது அவன் வாயைப் பார்த்தது. செல்வம் மைக்கைப் பிடித்தான்.

"அன்னிக்கு அது என் பாடு இல்ல சார். சாவு வூட்டுக்காரங்க பாடு. நான் திருடினேன். அதுக்கு ஊரு என்னிய தள்ளி வெச்சிகீது. யாருமே இல்லாத எடத்துல எப்டி சார் திருட முடியும்? நூத்திப் பதினெட்டு வூடு கீது சார்."

மாரியப்பன் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். செல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தான்.

அதிகாரி தலையாட்டிவிட்டுக் குமாஸ்தா பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"படத்திலுள்ள நபர், தமக்கு உரிமையில்லாத இடத்தில் மீன் திருடியதாக ஒப்புக்கொண்டார். எனவே அவர் பெயர் நீக்கப்படுகிறது. சார்ந்து வாழ்பவர், யாருமில்லை."